நான்காவது மாஸ்ஃபெட்

ஆடி கழியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது என் எம்பிராய்டரி மெஷின் நின்றது. ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகவே ரவிக்கைத் துணிகள் ஆடியிலேயே வந்து குவியும். கோபிச்செட்டிபாளையத்தில், வீட்டு முன்னறையில், ஒற்றைத் தலை கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வைத்து ஆறு வருடமாகப் பிழைக்கிறேன். அன்று அலமாரியில் 31 ரவிக்கைகள் இருந்தன; எல்லாவற்றுக்கும் முன்பணம் வாங்கியாகிவிட்டது. மாலையில் மழை. மின்சாரம் போய் வந்தது, மறுபடி போய் வந்தது. இரண்டாவது முறை வந்தபோது மெஷினுக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், நமுத்த பட்டாசு வெடித்தாற்போல. அதன்பின் திரையும் இல்லை, விளக்கும் இல்லை.

மெஷினை வாங்கிய இடத்துக்குப் போன் செய்தேன். பவர் சப்ளை போர்டைச் சரிசெய்து தருவதில்லை, புதிதாகத்தான் போட வேண்டும், 9,500 ரூபாய், சரக்கு வர இரண்டு வாரம் என்றார்கள். 24 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒன்றாகத் தரும் அந்த சப்ளைக்கு ஈடாக வெளிக்கடையில் எதுவும் கிடைக்கவில்லை. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு மறுநாள் 'போர்டு செத்துவிட்டது' என்று திருப்பிக் கொடுத்தார்கள். திருகின் மேலிருந்த வாரண்டி ஒட்டுத்தாள் கிழியாமல் அப்படியே இருந்தது! அதைப் பார்த்ததும் வந்த கோபத்தில்தான் நானே பிரிப்பது என்று முடிவெடுத்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள் நான். முடித்தது 2009இல், அதற்குப் பிறகு சாலிடரிங் அயர்னைத் தொட்டது மகனின் பொம்மைக் காருக்காக மட்டும்.

திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஃபியூஸ். கண்ணாடிக் குழாயின் உட்புறம் முழுக்கக் கறுத்து, அங்கங்கே ரசம் பூசினாற்போல் மின்னியது. இன்று அப்படி ஒன்றைப் பார்த்தால் புது ஃபியூஸைக் கையிலேயே எடுக்கமாட்டேன். உள்ளே இருக்கும் கம்பி சத்தமில்லாமல் நடுவில் அறுந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் சுமையாக இருக்கலாம், வயதாகியிருக்கலாம். குழாயே கறுத்திருந்தால் எங்கோ நேர் ஷார்ட் இருக்கிறது, அடுத்த ஃபியூஸும் போகும் என்று பொருள். அன்று அது தெரியவில்லை. போர்டில் 3.15 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. கடையில் 5 ஆம்பியர்தான் இருந்தது. 'இது இன்னும் நல்லது' என்று கொடுத்தார்கள், நானும் தெம்பாக வாங்கி வந்து போட்டேன். ஸ்விட்சைத் தட்டியதும் வீட்டுக்கே மின்சாரம் போனது. அடுக்களையிலிருந்து மாமியார், "என்ன ஆயிற்று?" என்று கேட்ட குரலில் இருந்த நிதானம் இன்னும் என் காதில் நிற்கிறது. அந்தப் பெரிய ஃபியூஸ் உருக எடுத்துக்கொண்ட நேரத்தில் போர்டில் வேறு சில பொருள்களும் கூடவே போயிருந்தன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

மீட்டரை எடுத்துத் தேடியதில், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கில் திருகியிருந்த மூன்றுகால் பொருள் சிக்கியது. 10என்60 என்ற மாஸ்ஃபெட், டிரான்ஸிஸ்டரில் ஒரு வகை. மின்சாரம் டிரெயின் என்ற காலில் நுழைந்து சோர்ஸ் என்ற காலில் வெளியேறும்; திறக்கவும் மூடவும் கட்டளை வாங்குவது கேட் என்ற கால். எந்த இரண்டு கால்களைத் தொட்டாலும் பீப், அதாவது உள்ளே ஷார்ட். படித்தது மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. இந்த வகை சப்ளையில் வீட்டு மின்சாரம் டயோடுகள் வழியாகச் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாகி ஒரு பெரிய கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். அதை மாஸ்ஃபெட் நொடிக்குப் பல்லாயிரம் முறை டிரான்ஸ்ஃபார்மருக்குத் திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று சொல்வது எட்டுக்கால் ஐசி ஒன்று. என் போர்டில் இருந்தது யுசி3842. ஆக, கெட்டது மாஸ்ஃபெட், அதை மாற்றினால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். ஈரோட்டுக்கு பஸ் ஏறிப்போய் 45 ரூபாய்க்கு ஒன்று வாங்கிவந்து பொருத்தினேன். வெடிக்கவில்லை. வேலையும் செய்யவில்லை. 24 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சுத்த பூஜ்யம்.

இன்னும் கொஞ்சம் தடவியதில், மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலுக்குக் கீழே இருந்த தடித்த ரெசிஸ்டர் ஒன்று அறுந்திருப்பது தெரிந்தது. மேலே இருந்த வண்ணப் பட்டைகள் கருகி, மதிப்பைப் படிக்க முடியவில்லை. எங்கள் தெருவில் வயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு ஓம் கூட இருக்காது, கம்பியைப் போட்டு இணைத்துப் பாருங்கள்" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், கம்பியை வைத்துப் பற்றவைத்தது என் கைதான். ஸ்விட்சைப் போட்டதும் மாஸ்ஃபெட் வெடித்து, அதன் நெற்றியிலிருந்து பறந்த கறுப்புச் சில்லு ஒன்று எதிர்ச் சுவரில் பட்டு விழுந்தது. முகம் அரையடி தள்ளி இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி போடாமல், மூடி திறந்த சப்ளைக்கு மின்சாரம் கொடுத்து அதை உற்றுப் பார்ப்பதைப் போன்ற மடத்தனம் வேறில்லை.

அதோடு விட்டதா என்றால் இல்லை. பதற்றத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, என்ன ஆனது என்று பார்க்கப் போர்டைக் கையில் தூக்கினேன். மாஸ்ஃபெட் உள்ளுக்குள் சிதறி வழி அறுந்துவிட்டதால் பெரிய கெபாசிட்டரில் நின்ற 300 சொச்சம் வோல்ட் வடிய இடமில்லாமல் காத்திருந்தது. வலது கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை ஓர் உதறல். போர்டு எகிறிப்போய் நூல்கண்டுப் பெட்டியில் விழுந்தது. பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிளக்கை எடுத்துவிட்டோம் என்பது ஒன்றுமே இல்லை. முதலில் மீட்டரை நேர்மின்சார வோல்ட்டில் வைத்து அந்தக் கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் அளக்க வேண்டும். மிச்சம் இருந்தால் பத்து வாட் ரெசிஸ்டர் ஒன்றை, நான் வைத்திருப்பது 2.2 கிலோ ஓம், காப்பிட்ட கம்பிகளில் கட்டி, சில நொடி தொட்டு வடிக்க வேண்டும். பிறகு மறுபடி அளக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்'பென்று வடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்க்ரூடிரைவரும் கெடும், கெபாசிட்டரும் கெடும்.

ஐந்தாவது நாள் என் அப்பாவின் சிநேகிதர் ஒருவரிடம் போனேன். பழைய குண்டு டிவி காலத்து மெக்கானிக். கடையை மூடி வெகு காலம் ஆகிறது. போர்டைப் பார்க்கும் முன்பே என்னைப் பார்த்து, "அம்மணி, எத்தனை டிரான்ஸிஸ்டரைக் கொன்றாய்?" என்றார். இரண்டு என்றேன். முதலாவது தானாகப் போனது, அதை என் கணக்கில் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போர்டைத் திருப்பி, கேட் காலுக்குப் போகும் 22 ஓம் ரெசிஸ்டரைத் தொட்டுக் காட்டினார். அதுவும் அறுந்திருந்தது. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும்போது 325 வோல்ட் கேட் வழியாகப் பின்னோக்கி ஐசிக்குப் பாய்கிறது; வழியில் இருக்கிற ரெசிஸ்டரையும் எரிக்கிறது, ஐசியையும் எரிக்கிறது. கேட் அந்தரத்தில் தொங்கினால் மாஸ்ஃபெட் மூடியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, டிரெயினில் மின்சாரம் சட்டென்று ஏறும்போது அதில் ஒரு பங்கு உள்ளூரக் கேட்டுக்கும் தாவி, யாரும் சொல்லாமலே அதைத் திறந்துவிடும். அந்த 'ஒரு ஓம் கூட இல்லாத' ரெசிஸ்டர்தான் காவலாளி. அதன் மதிப்பு 0.33 ஓம். அதில் ஒரு வோல்ட் விழுந்தால், அதாவது சுமார் 3 ஆம்பியர் ஓடினால், ஐசி தன் மூன்றாவது கால் வழியாக அதைப் பார்த்து, அந்தச் சுற்றுக்கு மாஸ்ஃபெட்டை மூடிவிடும். நான் கம்பியைப் போட்டேன். காவலாளியும் இல்லை, கட்டளையிட ஐசியும் இல்லை, கதவோ தானே திறந்துகொண்டது.

மாஸ்ஃபெட், கேட் ரெசிஸ்டர், சோர்ஸ் ரெசிஸ்டர், ஐசி, சரியான ஃபியூஸ் ஆகிய ஐந்தையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்றை மாற்றி ஒன்றை விட்டால், விட்டது மாற்றியதைத் தின்றுவிடும். ஐந்தும் சேர்ந்து 120 ரூபாய்க்குள் வந்தது. அவ்வளவுதான் செலவு என்று தெரிந்தபோது, முதல் நாளே செய்யாமல் விட்டதற்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

இதில் ஒரு சின்ன அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை வாங்கிவந்த இரண்டு மாஸ்ஃபெட்டுகளையும் பொருத்தும் முன் மீட்டரில் சோதித்தேன். ஒன்று ஷார்ட் என்று காட்டியது. கடைக்கே எடுத்துப்போய் நாலு பேர் முன்னால் சண்டை போட்டேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, மூன்று கால்களையும் இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து, விட்டு, மறுபடி அளந்து காட்டினார். நல்ல பொருள்தான். மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு சின்னக் கெபாசிட்டர் மாதிரி. மீட்டரின் முள்ளோ நம் விரலோ பட்டு அதில் மின்னூட்டம் தங்கிவிட்டால், அது திறந்தே இருந்து ஷார்ட் போலக் காட்டும். அளக்கும் முன் மூன்று கால்களையும் சேர்த்துத் தொட்டுவிட வேண்டும். அதன்பின் டயோடு நிலையில் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் 0.5 வோல்ட் அளவில் காட்டி, மறுபக்கம் ஒன்றும் காட்டாமல், கேட்டிலிருந்து எந்தப் பக்கமும் வழியில்லாமல் இருந்தால் நல்லது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பெரியவர் கற்றுத்தந்தவற்றில் என்னை மிகவும் மகிழ்வித்தது ஒன்பது வோல்ட் பேட்டரி வித்தை. யுசி3842 விழித்துக்கொள்ள 16 வோல்ட் வேண்டும். இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 18. வீட்டு மின்சாரமே இல்லாமல், பிளக் மேசையில் கிடக்க, ஐசியின் ஏழாவது காலுக்கு நேர், ஐந்தாவதுக்கு எதிர் என்று கொடுத்து, எட்டாவது காலில் அளந்தால் திட்டமாக 5 வோல்ட் வர வேண்டும். பழைய ஐசியில் வரவில்லை, பேட்டரிதான் சூடானது. புதியதில் 4.98 வந்தது. ஆறு நாளில் அந்த போர்டில் நான் பார்த்த முதல் நல்ல எண் அது.

பிறகு சீரீஸ் பல்பு. சப்ளைக்குப் போகும் மின்சார வழியில் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டிவிட்டால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு பிரகாசமாக எரிவதோடு சரி, எதுவும் வெடிக்காது. எல்லாம் நலமாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். குண்டு பல்பு இப்போது லேசில் கிடைப்பதில்லை. நான் எல்இடி பல்பைப் போடலாமா என்று கேட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இழை சூடாகி மின்தடை ஏறுவதில்தான் இந்த வித்தையே இருக்கிறது. மூன்று கடை ஏறி இறங்கி, பூஜைச் சாமான் விற்கும் கடையில் ஒன்றைப் பிடித்தேன். ஸ்விட்சைப் போட்டேன். பல்பு மின்னியது, மங்கியது. மீட்டரில் 24.1. மகனைத் தூக்கிச் சுற்றினேன்.

பல்பைக் கழற்றி, சப்ளையை மெஷினில் மாட்டி, மாம்பழக் கரை போட்ட ஒரு பச்சை ரவிக்கையை ஏற்றினேன். நாற்பது நிமிடம் ஓடியது. ஒரு கை முடிந்து மறு கையில் பாதி. டப்.

அந்தச் சத்தம் இப்போது பழகிவிட்டது என்றாலும் அன்றுதான் அழுதேன். ஏழாவது நாள். காலையில்தான் இரண்டு பேர் துணியைத் திரும்ப வாங்கிப் போயிருந்தார்கள். மறுபடி அதே ஐந்தும் போயிருந்தன, நல்லவேளை ஃபியூஸ் இம்முறை சரியான அளவு. பெரியவரிடம் போனதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "சுமை இல்லாதபோது நன்றாக இருந்ததா? சூடான பிறகுதான் போனதா?" ஆமாம் என்றேன். மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர், ஒரு 47 கிலோ ஓம் இரண்டு வாட் ரெசிஸ்டர் என மூன்று பேர் கூட்டாக இருப்பார்கள். ஸ்னப்பர் என்பார்கள். எங்கள் ஊர்த் தோட்டங்களில் மோட்டார் ஓடும்போது வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் அதிர்ந்து எகிறுமே, அதேதான் இங்கும். மாஸ்ஃபெட் மூடிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்ஃபார்மர் எதிர்த்து உதைக்கும். 325 வோல்ட்டின்மேல் அது திருப்பி அனுப்பும் நூற்றுச் சொச்சமும், அதற்கும் மேல் கூரான ஒரு துடிப்பும் ஏறும். மாஸ்ஃபெட் தாங்குவது 600. அந்தக் கூர்முனையை வாங்கிக்கொண்டு சூடாக்கிக் கரைப்பதுதான் இந்த மூவரின் வேலை. சுமை கூடக் கூட உதையும் கூடும். சும்மா வைத்து அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது இதனால்தான்.

ரெசிஸ்டருக்குக் கீழே போர்டு தேநீர்க் கறை போல் பழுத்திருந்தது. நான் அதை ஏழு நாளும் பார்த்திருக்கிறேன். சூடு வரும் பொருள், பழுக்கத்தான் செய்யும் என்று கடந்துவிட்டேன். மீட்டரில் 47 கிலோ ஓம் சரியாகக் காட்டியது வேறு. பெரியவர் பின்பக்கத்தைத் திருப்பி, அதன் கால் ஒன்றில் கண்ணாடியை வைத்து என்னைக் கூப்பிட்டார். பளபளவென்ற சாலிடர் மேட்டின் நடுவே, காலைச் சுற்றி, மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம். குச்சியால் ரெசிஸ்டரை மெல்ல அசைத்தார். வளையத்துக்குள் கால் மட்டும் தனியாக ஆடியது. டிரை சோல்டர். ஆறிய நிலையில் கால் சாலிடரைத் தொட்டுக்கொண்டிருக்கும், மீட்டருக்கு எல்லாம் சரி. நாற்பது நிமிடம் சூடானால் விரிந்து விலகும். கெபாசிட்டரில் சேர்ந்தது வடிய வழியில்லாமல் நிரம்பிப்போய், அடுத்த உதை முழுவதும் மாஸ்ஃபெட்டின் மேல் விழும். மழையும் மின்வெட்டும் வந்த அன்று, அந்த முதலாவது மாஸ்ஃபெட்டைக் கொன்றதும் இதுவாகத்தான் இருக்கும் என்றார். டிவி காலத்தில் பியு508 டிரான்ஸிஸ்டரை மாற்றி மாற்றியே கடனாளியான பையன்களை அவர் பார்த்திருக்கிறாராம்.

அந்த ரெசிஸ்டரை மூன்று வாட்டாக மாற்றி, போர்டைத் தொடாமல் அரை அங்குலம் தூக்கி நிறுத்திப் பற்றவைத்தோம். கூடவே இருந்த டயோடையும் கெபாசிட்டரையும், ஐசிக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்த 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரையும் மாற்றினோம். போர்டிலுள்ள கனமான, சூடாகிற பொருள்கள் அத்தனையின் கால்களிலும் பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் போட்டேன். மாஸ்ஃபெட்டின் முதுகு டிரெயினோடு இணைந்தது என்பதால் ஹீட்சிங்குக்கு நடுவிலுள்ள மைக்கா தாளைக் கிழியாமல் பார்த்து வைக்க வேண்டும். என்னுடையது இத்தனை முறை கழற்றியதில் ஓரம் பிய்ந்திருந்தது, புதிது போட்டேன். மெஷினில் மாட்டும் முன் சுமை வைத்துப் பார்க்க, லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றை ஒர்க்ஷாப்பிலிருந்து இரவல் வாங்கினேன்: 24 வோல்ட், 70 வாட். மாட்டியதும் சப்ளை இரண்டு முறை திணறி, பிறகு பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டத்தில் சீரீஸ் பல்பைக் கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பாதி எரிந்துகொண்டு சப்ளையை எழவே விடாது. நான் அதை மறந்து கால் மணி நேரம் வீணாகப் பயந்தேன். மூன்று மணி நேரம் எரியவிட்டேன். கோழிக்குஞ்சுக் கூண்டு மாதிரி அறை சூடாகிவிட்டது.

மெஷின் மொத்தம் நின்றது பதினொரு நாள். உதிரிப்பாகம், பஸ், பல்பு, அந்த 500 எல்லாம் சேர்த்து 1,640 ரூபாய். துணியைத் திரும்ப வாங்கிப் போனவர்கள் ஒன்பது பேர். பதினான்கு ரவிக்கைகளை ஈரோட்டில் வேறொருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியதில் என் கூலி போனதோடு கைக்காசும் போனது. குத்துமதிப்பாக 13,000 நட்டம். முதல் நாளே 9,500 கொடுத்துப் புது போர்டு சொல்லியிருந்தால் இதற்கு மேல் போயிருக்குமா என்று வீட்டுக்காரர் கேட்டார். இரண்டு வாரம் மெஷின் நின்றிருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். உண்மையில் நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

பெரியவர் காசு வாங்கவில்லை. பேத்தியின் பட்டுப் பாவாடையில் இரண்டு மயில் போட்டுத் தரச் சொன்னார். மயில் என்றால் நூல் மாற்றம் அதிகம், ஒன்றுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் மயிலின் தோகை முடிகிற வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் சப்ளை மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது மயிலுக்குக் கழுத்து தைக்கும்போது அடுக்களைக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்தேன்.